‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதாதீர்கள்: கைதின்போது பலப்பிரயோகம் பற்றி ஓர் உதவி ஆய்வாளரின் கேள்வி

கேள்வி: பயிற்சி முடித்து, தென்மாவட்டக் காவல் நிலையம் ஒன்றில் எஸ்.ஐ.யாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அடிதடி வழக்கொன்றில் பிடியாணை நிலுவையில் இருந்த ஒருவரை விடியற்காலையில் வீட்டில் வைத்துப் பிடிக்கப் போனோம். என்னோடு ஏட்டு ஒருவர், காவலர்கள் மூவர். “சட்டை மாட்டிட்டு வரேன் சார்” என்று உள்ளே போனவர் பின்கட்டு வழியாக ஓடிவிட்டார். விரட்டிப் பிடித்தபோது கடுமையாகத் திமிறினார். நானும் சேர்ந்து நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கித்தான் விலங்கு மாட்ட முடிந்தது. “மூச்சு முட்டுது” என்று கத்தினார். “நடிக்கிறான் சார்” என்றார் ஏட்டு. ஜீப்பில் ஏற்றிய பிறகு வாந்தி எடுத்தார். நெற்றியிலும் முழங்கையிலும் சிராய்ப்பு. ‘குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது’ என்று நான் எழுதியதைப் பார்த்து, “ஓடும்போது வழுக்கி விழுந்தார்னு மாத்திடுங்க, மனித உரிமை கமிஷனுக்கு நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க” என்று நிலையத்தில் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. நான் செய்தது சரியா? திமிறுகிற ஆளை எப்படித்தான் பிடிப்பது? புதுச் சட்டப்படி யாருக்கு விலங்கு மாட்டலாம்?

பதில்: மாற்றாமல் விட்டது சரி. ஆனால் நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரியும் உங்களுக்குக் கைகொடுக்காது. குறைந்தபட்சமா, கூடுதலா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. யார் என்ன செய்தார், நீங்கள் எதைப் பிடித்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற விவரம்தான் அவர்களுக்கு வேண்டும். அது உங்கள் வரியில் இல்லை.

முதலில் இந்த ‘வழுக்கி விழுந்த’ விவகாரம். பாத்ரூமில் வழுக்கிக் கை முறிந்ததாக வரும் செய்தியையும் மாவுக்கட்டோடு எடுத்த படத்தையும் தமிழ்நாட்டில் யாரும் நம்பிப் படிப்பதில்லை. நடுவர்களும் (மாஜிஸ்திரேட்டுகள்) செய்தித்தாள் படிப்பவர்கள்தான். அதைவிட முக்கியம், மருத்துவர் அதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். அதில் உடைவது பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரல் பக்கத்து எலும்பின் கீழ்முனை. அடி விழும்போது தலையை மறைக்கக் கையைத் தூக்குகிறவருக்கு முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு தனியாக உடையும். எக்ஸ்ரேயில் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். லத்தி அடி விழுந்த இடத்தில் தோல் இரண்டு இணைகோடுகளாகக் கன்றியிருக்கும், நடுவில் வெளிறியிருக்கும். தரையோ படிக்கட்டோ அந்த வடிவத்தைத் தராது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ்., தன் 53-ஆம் பிரிவில் கைதானவரை உடனடியாக அரசு மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது. காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் மருத்துவர் எழுத வேண்டும்; அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கும் போகும். ஆக, உங்கள் காகிதத்துக்கு எதிரே இன்னொரு காகிதம் எப்போதும் இருக்கிறது. உங்கள் ஆளுக்கு இருந்தது சிராய்ப்பு. தரையில் அமுக்கும்போது நெற்றியும் முழங்கையும் உரசினால் வருவது. நடந்ததோடு முழுக்கப் பொருந்துகிற, சட்டம் அனுமதிக்கிற ஒரு காயத்தைப் பொய் சொல்லி மறைத்தால், கிடைப்பது ஒரு சந்தேகம் மட்டுமே. பலம் பிரயோகித்தேன் என்று எழுதுவதில் ஆபத்து எதுவும் இல்லை.

சட்டம் எவ்வளவு தூரம் உங்களோடு வருகிறது என்று பார்ப்போம். 43-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, கைதை வலுக்கட்டாயமாக எதிர்ப்பவரிடமோ தப்ப முயல்பவரிடமோ கைது செய்யத் ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்தலாம் என்கிறது. 46-ஆம் பிரிவு, தப்பவிடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தராது என்று 43-இன் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் அளவுகோல் எளிது: எதிர்ப்பு நின்ற விநாடியில் பலமும் நிற்க வேண்டும். விலங்கு பூட்டிய பிறகு விழும் ஓர் அறை கைதின் பகுதி ஆகாது. அது வெறும் அடி. வாக்குமூலமோ தகவலோ பொருளோ வாங்குவதற்காக அடித்தால் பி.என்.எஸ்., அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. திமிறல் நடந்தது பின்கட்டுக்கு அப்பால் என்றாலும், தவறு வாசலிலேயே நடந்துவிட்டது. ‘சட்டை மாட்டிட்டு வரேன்’ என்பது நம் ஊரில் மிகப் பழைய தப்பிக்கும் வழி. சட்டை வேண்டும் என்றால் வீட்டார் கொண்டுவந்து தரட்டும். அல்லது ஒரு காவலர் ஒரு கை தூரத்தில் கூடவே போகட்டும். அடுப்படிப் பக்கம் மட்டும் விடவே கூடாது. அரிவாள்மனையும் கத்தியும் அங்கேதான் இருக்கும்.

போகும் முன் ஸ்டேஷனிலேயே ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள். ஆளிடம் ஆயுதம் இருந்த முன்கதை உண்டா? ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, குடி, கஞ்சா ஏதாவது உண்டா? வீட்டுக்கு எத்தனை வாசல்? யார் பேசுவது, யார் பின்வாசல், யார் வலது கை, யார் இடது கை, யார் விலங்கு, யார் போனில் வீடியோ? ஐந்து பேர் போனீர்கள், ஆனால் பின்கட்டில் ஒருவரும் இல்லை. அங்கே ஒருவர் நின்றிருந்தால் துரத்தலும் இல்லை, அமுக்கலும் இல்லை. ஊர்க்காரரையோ தெரிந்த பையனையோ கைகொடுக்கக் கூப்பிடாதீர்கள். அவர் தரும் அடிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாசலில் பேசுவது ஒரே குரலாக இருக்கட்டும். ஒருவர் “அசையாதே” என்றும் இன்னொருவர் “கையைத் தூக்கு” என்றும் கத்தினால், இரண்டையும் கேட்கிறவர் எதையும் செய்ய முடியாது. நீங்கள் அதை எதிர்ப்பு என்று கணக்கில் வைத்துக்கொள்வீர்கள். பெயரைச் சொல்லி, பதவியைச் சொல்லி, பிடியாணையைக் காட்டுங்கள். பிறகு சின்னச் சின்னக் கட்டளைகள்: கையைக் காட்டுங்க, திரும்பி நில்லுங்க, கையைப் பின்னாடி கொடுங்க. ‘வாங்க, போங்க’ என்று பேசினால் கெத்து குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. மனைவி, பிள்ளைகள், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தாயைச் சேர்த்துத் திட்டினால் பேசாமல் வரக்கூடியவர்கூட மல்லுக்கு நிற்பார். மரியாதை இங்கே நாகரிகத்துக்காக மட்டும் சொல்லப்படவில்லை. வேலை சீக்கிரம் முடியும்.

நிற்கும் இடம்: இரண்டு கை நீளம் தள்ளி, நேர் எதிரே நிற்காமல் சற்றுக் கோணமாக, துப்பாக்கி இருக்கும் இடுப்பு அவருக்கு எட்டாத பக்கம் இருக்கும்படி. கண்ணைப் பார்த்துப் பேசினாலும் உங்கள் கவனம் அவருடைய கைகளில் இருக்க வேண்டும்.

பிடிக்க வேண்டி வந்தால் ஒரு கைக்கு ஒருவர். மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கைக்குச் சற்று மேலே இன்னொரு கையாலும் பிடித்து, கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டை மட்டும் பிடித்தால் உதறுவார், நீங்கள் இழுப்பீர்கள், தோள் இறங்கிவிடும். இருவர் சரியாகப் பிடித்தால் பெரும்பாலான ஆட்களை நின்றபடியோ சுவரோரமாகவோ அடக்கிவிடலாம். கழுத்தை வளைத்துப் பிடிப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். முன்கழுத்தில் மூச்சுக்குழாய், பக்கங்களில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று திமிறலுக்கு நடுவே யாராலும் கணக்கு வைக்க முடியாது.

தரையில் அமுக்க நேர்ந்தால், ஆள் செத்துப்போகக்கூடிய இடம் அதுதான் என்பதை நினைவில் வையுங்கள். குப்புறக் கிடப்பவரின் நெஞ்சுக்கூடு விரிவதும் உதரவிதானம் கீழிறங்குவதும் ஏற்கெனவே கடினம். பருமனானவருக்கு வயிறு மேல்நோக்கி அழுத்துவதால் இன்னும் கடினம். முதுகில் ஒருவர் உட்கார்ந்தால் மீதியும் போயிற்று. ஓடிக் களைத்தவர் வேறு. தசைகளில் சேர்ந்த அமிலத்தை வெளியேற்ற அந்த உடல் வேகமாக மூச்சு வாங்கியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் மூச்சைக் குறைத்தால் இதயம் நின்றுபோகலாம். மூச்சு கிடைக்காதவர் தலையைத் தூக்குவார், உடலை வளைப்பார், புரளப் பார்ப்பார். மேலே இருப்பவர்களுக்கு அது திமிறலாகத் தெரியும். இன்னும் அழுத்துவார்கள், இவர் இன்னும் புரளுவார். அமெரிக்க நீதித் துறை இந்தச் சுழலைப் பற்றிக் காவலர்களுக்கு 1995-லேயே எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. 2020 மே 25-ஆம் தேதி மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததும் குப்புறக் கிடந்தபடிதான். கழுத்திலும் முதுகிலும் முழங்கால்கள் 9 நிமிடத்துக்கு மேல் இருந்தன. பக்கவாட்டில் திருப்பலாமா என்று உடனிருந்த காவலர் ஒருவர் கேட்டும் திருப்பவில்லை.

“பேச முடிகிறதே, அப்புறம் என்ன மூச்சு முட்டல்?” என்ற வாதத்தை உங்கள் ஏட்டு மட்டும் சொல்லவில்லை, உலகம் முழுக்கக் காவலர்கள் சொல்கிறார்கள். அது தவறு. குரல் எழுப்பச் சிறிதளவு காற்று தொண்டையைக் கடந்தால் போதும். சாதாரண மூச்சு ஒன்றில் உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 500 மில்லி; அதில் 150 மில்லி மூச்சுப் பாதையிலேயே நின்றுவிடும், நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச் சேராது. மூச்சு அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டால் கத்திக்கொண்டே இருப்பவர் உடலுக்கும் ஆக்சிஜன் கிடைக்காது. “மூச்சு முட்டுது” என்பது நடிப்பா இல்லையா என்று ஆராய வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிவிட்டுப் பாருங்கள். விலங்கு பூட்டியவர் பக்கவாட்டில் படுத்தால் உங்களுக்கு என்ன நட்டம்?

ஆகவே தரையில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் கைகள். ஒருவர் கால்கள்: கணுக்கால்களைக் குறுக்காக வைத்துக் கெண்டைக்கால் பக்கம் அழுத்தினால் போதும், மேலே உட்கார வேண்டாம். ஒருவர் விலங்கு. ஐந்தாவது ஆள், உங்கள் குழுவில் நீங்கள், யாரையும் பிடிக்காமல் தலைப்பக்கம் உட்கார்ந்து முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்க்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு. எஸ்.ஐ. தானும் விழுந்து அமுக்கினால் மொத்த நிகழ்ச்சியையும் பார்க்க ஆளே இருக்காது. உங்கள் கதையில் நடந்தது அதுதான். வயிற்றுக்கடியில் கையை மடக்கிக்கொண்டால் முதுகில் முழங்காலை வைத்துத் துளைக்காதீர்கள். எடை ஏற ஏறக் கை இன்னும் மாட்டிக்கொள்ளும். ஒரு தோளைத் தூக்கி லேசாகப் பக்கம் திருப்பினால் கை வெளியே வரும். தோள்பட்டையின் பின்பக்கம் முட்டியை ஒரு கணம் ஊன்ற வேண்டி வரலாம். முதுகுத்தண்டு, கழுத்து, தலை மூன்றிலும் கூடாது. கைவிலங்கையும் காலையும் பின்னால் சேர்த்துக் கட்டுவது கூடவே கூடாது.

விலங்கு பூட்டியதும் உடனே பக்கவாட்டில் திருப்புங்கள். பிறகு முட்டியை மடக்கி உட்கார வைத்து, ஒரு முட்டியை ஊன்றச் சொல்லி எழுப்பலாம். விலங்குச் சங்கிலியைப் பிடித்துத் தூக்கினால் தோளும் மணிக்கட்டும் போகும். ஜீப்பின் பின்பக்கத் தரையில் குப்புறப் போட்டுக் காலை மேலே வைத்துக்கொண்டு வருவது, தரையில் அமுக்கியதையே அரை மணி நேரம் தொடர்வதற்குச் சமம். இருக்கையில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மல்லாந்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். திடீரென்று அமைதியாகிவிட்டால் ‘அடங்கிட்டான்’ என்று நிம்மதியாகாதீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள், தோளைத் தட்டுங்கள். பதிலும் சரியான மூச்சும் இல்லை என்றால் விலங்கைக் கழற்றி மல்லாக்கப் போட்டு 108-ஐ அழைத்தபடி நெஞ்சு அழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.

விலங்கு பற்றி. இயந்திரம் முதலில், சட்டம் பிறகு. கைகள் பின்னால், புறங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, சாவித்துளை வெளிப்பக்கம். வளையத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுனி நுழைய வேண்டும். பல்சக்கரம் வைத்த புது வகை விலங்கில் இரண்டாவது பூட்டு உண்டு; அதைப் போடாவிட்டால் உட்காரும்போதும் சாயும்போதும் வளையம் தானாக இறுகிக்கொண்டே போகும். கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப்போவது அந்த இறுக்கத்தில் நரம்பு நசுங்குவதால்தான். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். விரல் நீலம் பூத்தாலோ சில்லிட்டாலோ தளர்த்துங்கள். கர்ப்பிணி, கையில் கட்டுப் போட்டவர், முதியவர் என்றால் பின்னால் பூட்டும் பேச்சே வேண்டாம்.

சட்டத்தில், 43-இன் 3-ஆம் உட்பிரிவு கைதின்போதும் நீதிமன்றத்தில் முன்னிறுத்தும்போதும் விலங்கிட ஒரு பட்டியல் தருகிறது: பழக்கக் குற்றவாளி, காவலில் இருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, ஒருங்கமைக்கப்பட்ட (கும்பல்) குற்றம், பயங்கரவாதம், போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கள்ளநோட்டு, மனித வணிகம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், அரசுக்கு எதிரான குற்றம். பட்டியலில் இருந்தாலும் குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் பார்த்த பிறகே. சாதாரண அடிதடி இதில் இல்லை. உங்கள் ஆளுக்கு ஹெச்.எஸ். ஷீட் (நிலையத்தில் வைத்திருக்கும் குற்றப் பின்னணிப் பதிவு) இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது மட்டும் போதாது என்பது என் கருத்து. முந்தைய தண்டனைகளின் வழக்கு எண்களோடு எழுத முடிந்தால்தான் ‘பழக்கக் குற்றவாளி’ என்ற சொல் நிற்கும்.

பிடியாணையில் இன்னொரு சிக்கல் உண்டு. 1995-இல் சிட்டிசன்ஸ் ஃபார் டெமாக்ரசி வழக்கில் உச்ச நீதிமன்றம், நடுவரின் பிடியாணைப்படி கைது செய்யப்படுபவருக்கு விலங்கிட வேண்டுமென்றால் அதற்கும் நடுவரிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்றது. விலங்கிடுவதே விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்று 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கிலேயே சொல்லியாயிற்று. முரண்டு பிடிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிடியாணையோடு விலங்குக்கும் மனு போடுங்கள். உத்தரவு இல்லாமல் போய், அவர் ஓடி, தாக்கி, வேறு வழியில்லாமல் பூட்ட நேர்ந்தால், 43(2)-ஐயும் அந்த நிமிடத்துக் காரணத்தையும் எழுதி, ஸ்டேஷனில் கழற்றிவிட்டு, கோர்ட்டுக்குக் கொண்டுபோகத் தனியே உத்தரவு கேட்பதுதான் பாதுகாப்பான வழி. மருத்துவமனைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டும் பழக்கத்தை 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்திருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தென்மாவட்டத்தில் கட்டாயம் வரும்: அரிவாள். சால்ட் லேக் சிட்டியில் காவலர்களுக்குப் பயிற்சி தந்த டென்னிஸ் டியூலர் 1983-இல் சொன்ன கணக்கு, 21 அடி தூரத்தை ஓர் ஆள் ஒன்றரை விநாடியில் ஓடிக் கடப்பார், உறையில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும் என்பது. அதை ‘21 அடிக்குள் வந்தால் சுடலாம்’ என்று திரித்துச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: தூரத்தைக் கூட்டுங்கள், நடுவில் ஜீப்பையோ சுவரையோ கட்டிலையோ வையுங்கள், கதவைச் சாத்துங்கள், கூடுதல் ஆள் வரும்வரை பேசிக்கொண்டே இருங்கள். ‘காலில்தானே சுட்டோம்’ என்ற ஆறுதலும் பொய். தொடையின் பெரிய ரத்தநாளம் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை பட்டையை இறுக்கி நேரத்தைக் குறிக்கத் தெரியாத குழுவிடம் துப்பாக்கி இருப்பது ஆபத்து. இத்தகைய மோதலில் மரணம் மட்டுமில்லை, கொடுங்காயம் ஏற்பட்டாலும் போலீஸ் மோதல் சாவுகள் பற்றிய, 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற பி.யு.சி.எல். தீர்ப்பின் நெறிமுறைகள் பொருந்தும். வழக்குப் பதிவும் சுதந்திரமான விசாரணையும் உண்டு, ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியும் வரும்.

பிடித்த பிறகு எங்கே போவது? காயமோ வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஸ்டேஷன் இரண்டாவது, முதலில் ஜி.ஹெச். பொதுமக்கள் ‘தர்ம அடி’ கொடுத்து ஒப்படைக்கும் திருடன் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பிட்டத்திலும் தொடையிலும் பலர் அடித்திருந்தால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. நசுங்கிய தசையிலிருந்து கசியும் புரதம் ஓரிரு நாளில் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் கறுத்த பழுப்பு நிறமாவது அதன் அடையாளம். அப்போது அவர் உங்கள் காவலில் இருப்பார், அடித்த ஊர்க்காரர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஒப்படைத்த நேரம், ஒப்படைத்தவர் பெயர், அப்போது இருந்த காயம் எல்லாம் உடனே எழுத்தில் வர வேண்டும்.

குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று விடப்படுபவர்களில் தலைக்காயமும் சர்க்கரை இறங்கியதும் கலந்திருக்கும். எழுப்பினால் எழுந்து பெயர் சொல்கிறாரா என்று அடிக்கடி பாருங்கள். சொல்லவில்லை என்றால் மருத்துவமனை. தினமும் குடிப்பவருக்குக் குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, வலிப்பு எல்லாம் வரலாம். அடித்தால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம், அதற்கு மருத்துவம் தேவை. லாக்-அப்பில் விடும் முன் பெல்ட், துண்டு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வாங்கி, 49-ஆம் பிரிவுப்படி ரசீது கொடுத்துவிடுங்கள்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன். இதை அப்படியே படியெடுக்காதீர்கள்; உங்களுக்கு நடந்ததை இந்த வாக்கில் எழுதுங்கள்.

‘05.40-க்கு வாசலில் என் பெயர், பதவி சொல்லிப் பிடியாணையைக் காட்டினேன். சட்டை அணிவதாகக் கூறி உள்ளே சென்றவர் பின்கதவு வழியாக ஓடினார். சுமார் 200 மீட்டர் தள்ளி, ஓடைக்கரையில் ஒரு காவலர் அவருடைய வலது கையைப் பிடித்தபோது முழங்கையால் அக்காவலரின் மார்பில் இடித்தார். “கையைக் கொடு” என்று மூன்று முறை சொல்லியும் இடது கையை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டார். இருவர் கைகளையும் ஒருவர் கால்களையும் பிடிக்க, குப்புற வைத்து விலங்கிட்டோம். அப்போது நெற்றியும் வலது முழங்கையும் தரையில் உரசின. குப்புற இருந்தது சுமார் 2 நிமிடம். மூச்சு முட்டுவதாகச் சொன்னார். விலங்கிட்டதும் இடப்பக்கமாகத் திருப்பினோம். அதன் பிறகு பலம் எதுவும் பிரயோகிக்கவில்லை. லத்தி பயன்படுத்தவில்லை. 06.05-க்கு வாகனத்தில் வாந்தி எடுத்தார். 06.30-க்கு அரசு மருத்துவமனை.’

‘முரண்டு பிடித்தார்’ என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை, கவனியுங்கள். அவர் செய்த காரியம் இருக்கிறது, நீங்கள் செய்தது இருக்கிறது, நிறுத்திய கணம் இருக்கிறது. திருப்பத் தாமதமாயிருந்தால் அந்த நேரத்தையும் உள்ளபடி எழுத வேண்டும். இதே நேரங்கள் ஜி.டி. (நிலையத்தின் பொது நாட்குறிப்பு), கைதுக் குறிப்பாணை, உடல் பரிசோதனைக் குறிப்பு, மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு, ரிமாண்ட் அறிக்கை ஐந்திலும் ஒத்துப்போக வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊரில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்தும், கைதானவரின் கையெழுத்தும் 36-ஆம் பிரிவுப்படி அவசியம். காயங்களைக் குறிக்கும் உடல் பரிசோதனைக் குறிப்பு கைது நடைமுறை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு தந்தது; கைதானவர் கேட்டால் என்றுதான் அதில் இருக்கிறது. கேட்காவிட்டாலும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உங்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுப்பது எல்லா வழக்குக்கும் கட்டாயம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அந்த நேரத்தில் முடியாவிட்டாலும், ரிமாண்டுக்கு முன்னிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது கையில் இருக்க வேண்டும். இடி வாங்கிய காவலரையும் அதே மருத்துவரிடம் அதே வேளையில் காட்டுங்கள். மருத்துவப் பதிவு இல்லாமல் ‘காவலரைத் தாக்கினார்’ என்று பி.என்.எஸ். 132 போட்டால் அது பழிவாங்கலாகவே தெரியும்.

பயிற்சி விஷயத்தில், ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் கற்றது ஆறு மாதத்தில் கைவிட்டுப் போகும். வாரம் ஒருமுறை, காலை ரோல்-காலுக்குப் பிறகு 20 நிமிடம் போதும். இருவர் பிடித்தல், விலங்கு, இரண்டாவது பூட்டு, பக்கவாட்டில் திருப்புதல், எழுப்புதல். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது விலங்கு மாட்டப்பட்டுக் குப்புறப் படுத்து, முதுகில் கையால் லேசாக அழுத்தச் சொல்லிப் பார்க்கட்டும். சில விநாடிகள் போதும். ‘விடு’ என்றதும் விட வேண்டும். ‘நடிக்கிறான்’ என்ற பேச்சு அதற்குப் பிறகு குறையும்.

இந்த வழக்கில் இப்போது செய்ய வேண்டியவை மூன்று. ஜி.டி.யில் ஏற்கெனவே எழுதியதை அடிக்காமல், திருத்தாமல், விடுபட்ட விவரங்களை இன்றைய தேதியில் புதுப் பதிவாகச் சேருங்கள். நிலையத்தின் அன்றைய காமிரா பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்து என்ன ஆயிற்று என்று உங்கள் நிலையத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்காது. மூன்றாவது, அவர் மூச்சு முட்டியதாகச் சொன்னதையும் வாந்தி எடுத்ததையும் ஜி.ஹெச். மருத்துவரிடம் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால், அவர் சிறையில் இருக்கும் பட்சத்தில் சிறை மருத்துவருக்கு ஆய்வாளர் வழியாக இன்றே ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலைக் கோப்பில் வையுங்கள்.